ஆங்கிலங் கற்கும் வளர்ந்தோரும் எண்ணிமக் கதைகூறலும்

பிறமொழியொன்றைச் சிறுவர் கற்பதற்கும் வளர்ந்தோர் கற்பதற்கும் பெரிதும் வேறுபாடுண்டு. சிறுவன் ஒருவன் ஆங்கிலச் சொற்கள் மூன்றைச் சேர்த்து ஒரு வாக்கியஞ் சொன்னால், அஃது அவன் வயதுக்கேற்ற வளர்ச்சியெனக் கொள்ளப்படும், கேட்போர் மகிழ்வர். அதே மூன்று சொற்களை நாற்பத்தைந்து வயதினர் ஒருவர் சொன்னால், கேட்போர் முகத்திற் பொறுமையின்மையே தோன்றும். அவரோ தம் தாய்மொழியில் விலைபேசவும், வழக்குத் தீர்க்கவும், பிள்ளைகளுக்குப் புத்தி கூறவும், செத்தவீட்டிற் சென்று ஆறுதலுரைக்கவும் வல்லவர். ஆங்கில வகுப்பின் வாயிலில் இவையனைத்தையும் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையராய் உட்புகுமாறு அவர் பணிக்கப்படுகிறார். பேனாவைக் காட்டி இது பேனா என்றும், மேசையைக் காட்டி அது மேசை என்றும் சொல்லி முடித்து வீடு திரும்பும்பொழுது அவருள்ளத்தில் எழும் நாணத்தைப் பாடநூல் எழுதுவோர் பலர் எண்ணிப் பார்த்ததில்லை போலும்.

இந்நாணம் சிறிய செய்தியன்று. பேசக் கூசுபவர் பேசார். பேசாதவர்க்கு மொழி வாராது. கனடாவிற் குடியேறிய ஐந்து பெண்கள் ஆங்கிலங் கற்ற வரலாற்றை, அவர்கள் எழுதிய நாட்குறிப்புகள் வாயிலாகவும் அவர்களோடு உரையாடியும் ஆராய்ந்த பொனி நோட்டன் என்னும் அறிஞர், 1995இல் வெளியிட்ட கட்டுரையிலும் 2000இல் வெளிவந்த நூலிலும் இதனை விரித்துக் காட்டினார். அப்பெண்கள் கற்கும் விருப்பம் அற்றவர்களல்லர். ஆயினும் வேலைத்தலத்தில் அவர்களைப் பேசவிடுவார் அரிதாயினர். பேசுதற்கு மொழியறிவு மாத்திரம் போதாது; பேசும் உரிமை தமக்குண்டெனப் பேசுவோர் கருதவேண்டும், கேட்போரும் அதனை ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதே நோட்டன் கண்ட முடிபு. மாட்டினா என்னும் புனைபெயரால் அந்நூலிற் குறிக்கப்பெறும் செக்கோசிலோவாக்கியப் பெண் விரைவுணவுக் கடையொன்றில் தம்மினும் மிக இளையோருடன் வேலை செய்தவர். அவ்விளையோர் தம்மை ஏவத் தலைப்பட்டபொழுது, அவர் தம்மை ஆங்கிலந் தெரியாத அந்நியராக எண்ணாது, பிள்ளைகளை வளர்த்த தாயாக எண்ணிக்கொண்டு மறுத்துப் பேசலானார். அவர்தம் இலக்கணம் அன்றே திருந்திவிடவில்லை, பேச்சுப் பிறந்தது. திருந்துதற்குரிய பேச்சு முதலிற் பிறத்தல்வேண்டுமன்றோ?

வளர்ந்த மாணாக்கரை அவர்தம் அறிவோடும் வாழ்வோடும் வகுப்பினுள் அழைத்து வருதற்கு வழியாது என ஆராய்ந்த ஆங்கில ஆசிரியர் பலர், இவ்விருபத்தோராம் நூற்றாண்டிற் கைக்கொண்ட முறைகளுள் ஒன்றே எண்ணிமக் கதைகூறல். டிஜிட்டல் என வழங்குவதையே எண்ணிமம் என்பர். பெயர் பெரிதாயினும் பொருள் எளியது. ஒருவர் தம் வாழ்வில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைத் தாமே எழுதி, தம் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து, பத்துப் பன்னிரண்டு நிழற்படங்களை அவ்வொலியோடு இணைத்து, இரண்டு அல்லது மூன்று நிமிடம் ஓடும் ஒரு சிறு படமாக்குதலே அது. முன்னர் இதற்குக் கணினியொன்று வேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசியொன்றே போதும். நடிப்போர் இல்லை, படப்பிடிப்பு இல்லை, சொல்பவர் முகமுந் தோன்றவேண்டியதில்லை. குரலே இதற்கு உயிர்.

இம்முறை மொழி வகுப்பிற் பிறந்ததன்று. அமெரிக்கக் கலைஞர் டேனா அச்லி என்பார் தம் வாழ்க்கைக் கதைகளை மேடையிற் கூறிவந்தார். அருகே ஒரு திரையில் தீ எரியும் காட்சி ஓட, குளிர்காயும் தீயருகே அமர்ந்து கதை சொல்வாரைப் போன்று அவர் அமர்ந்து பேசுவார். பழைய குடும்பப் படங்கள் பின்னணியில் தோன்றும். நாடகத்துறையைச் சேர்ந்த ஜோ லம்பேட் அவரோடு கூடி, பொதுமக்களுக்கு இக்கலையைக் கற்பிக்கும் செயலமர்வுகளை நடத்தத் தொடங்கினார். 1994இல் லம்பேட், நீனா மலன், அச்லி ஆகியோர் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவிய நிலையம், பின்னர்ப் பேர்க்கிளி நகருக்குப் பெயர்ந்து எண்ணிமக் கதைகூறல் நிலையம் எனப் பெயர் பெற்றது. அச்லி 2000இல் மறைந்தார். கடலுக்கு அப்பால், வேல்ஸ் நாட்டில், நிழற்படக் கலைஞரும் கார்டிவ் பல்கலைக்கழக விரிவுரையாளருமாகிய டேனியல் மெடோஸ் இம்முறையைப் பீ.பீ.சி. நிறுவனத்தின் துணையோடு 2001 முதல் ஊரூராகக் கொண்டு சென்றார்; 2008 வரை அப்பணி நடைபெற்றது. இவர் 1970களின் தொடக்கத்திற் பழைய பேருந்தொன்றில் இங்கிலாந்தெங்கும் சுற்றி, வழியிற் கண்டவரையெல்லாம் இலவசமாகப் படமெடுத்துக் கொடுத்தவர். மக்களைப் படம் பிடித்தவர், மக்கள் தம்மைத் தாமே படம் பிடிக்குமாறு செய்தற்கு முப்பதாண்டுகள் சென்றன என்பது கருதத்தக்கது.

இச்செயலமர்வுகளில் ஆங்கில ஆசிரியரின் கவனத்தை ஈர்த்தது கருவியன்று. கதைவட்டம் எனப்படும் தொடக்க அமர்வே. ஏறக்குறையப் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தாம் சொல்லக் கருதியதை முதலில் வாயாற் கூறுவர். மற்றையோர் கேட்டு, விளங்காத இடத்தை வினவுவர். அதன் பின்னரே எழுதுதல் தொடங்கும். எழுத்தும் குறுகியது, 250 சொல் அளவினதாக இருத்தல் வழக்கம். தாய்மொழியாளர் அதனை இரண்டு நிமிடத்தில் வாசித்துவிடுவர். ஆங்கிலம் புதிதாய்க் கற்போர்க்கு 150 சொல்லே போதும். அதற்கு மேற் சென்றால் வாசிப்பு ஓட்டமாகிவிடும்.

சொந்த வாழ்விலிருந்து எழுத்தறிவைத் தொடங்குதல் முன்னரும் இருந்த நெறியே. பிறேசில் நாட்டின் வடகிழக்கில் அஞ்சிக்கோஸ் என்னும் ஊரில் 1963இல் பவுலோ பிரெய்ரே நடத்திய வகுப்புகளில், ஏறக்குறைய 300 தொழிலாளர் 40 மணி நேர அளவில் எழுதவும் வாசிக்கவும் தொடங்கினர் என்பது கல்வி வரலாற்றிற் புகழ்பெற்ற செய்தி. அங்கும் முதலிற் சுவரிற் படங்கள் காட்டப்பெற்றன. அவற்றைக் குறித்து மக்கள் உரையாடினர். அவர்தம் வாயில் வழங்கிய சொற்களிலிருந்தே எழுத்துகள் எடுக்கப்பெற்றன. எழுத்தறியாதார்க்கு வாக்குரிமை இல்லாதிருந்த அந்நாட்டில் இஃது எளிய செயலன்று. மறுவருடம் ஆட்சியைக் கைப்பற்றிய படையினர் அவரைச் சிறையிலிட்டனர். பின்னர் அவர் நாட்டைவிட்டு நீங்கினார். மாணாக்கர் வாயாற் கூறுவதை ஆசிரியர் அவ்வாறே எழுதி, அவ்வெழுத்தையே வாசிப்புப் பாடமாக்கும் முறையும் அமெரிக்க வகுப்புகளில் நெடுங்காலம் வழங்கியதாகும். எண்ணிமக் கதைகூறல் இவற்றோடு சேர்த்தது ஒன்று உண்டு: அது கற்பவரின் சொந்தக் குரலை அவர் தாமே கேட்கச் செய்வது. அதன் பயன் யாதென்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் தகும்.

1983க்குப் பின்னர் இலங்கையிலிருந்து கனடா சென்ற தமிழர் பலர், அந்நாட்டின் ஆங்கில வகுப்புகளில் அமர்ந்தவர்கள். புதுக்குடியேறிகளுக்கென மத்திய அரசாங்கம் 1992இல் தொடங்கிய மொழிக்கல்வித் திட்டத்திலும் அவர்களுட் பலர் பயின்றனர். அத்தகைய வகுப்பொன்றில், யாழ்ப்பாணத்திற் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஒருவர் ரொறன்ரோவில் அமர்ந்திருக்கிறார் எனக் கொள்க. இரவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, பகலில் வகுப்பு. ஆசிரியர் வினாவும்பொழுது அவர் தலைகுனிந்திருப்பார். தமக்கு ஆங்கிலச் சொல் ஒன்றுந் தெரியாதென்பது அவர் எண்ணம்.

அவரைக் கடையின் கதையைச் சொல்லுமாறு கேட்டால் நிகழ்வது வேறு. ரயர், ரியூப், றிம், செயின், பெடல், பிறேக், ஹாண்டில், வால்வு, பம், பஞ்சர், சொலூசன் என ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்கள் வருகின்றன. இவையனைத்தும் ஆங்கிலமே. இருபதாண்டுகளாக அவர் நாவிற் புழங்கியமையால் தமிழாகிவிட்டன. ஆதலின் தம்மிடம் ஆங்கிலமுண்டு என்பதை அவர் அறிந்திலர். பாடநூலின் முதற் பக்கத்திலுள்ள பேனாவும் மேசையும் செய்யமாட்டாத உதவியை இச்சொற்கள் செய்கின்றன. ஒரு தொழிலைக் கையாண்டவர் அத்தொழிலின் பெயர்ச்சொற்களை மாத்திரமன்றி அவற்றினிடையேயுள்ள தொடர்பையும் அறிவார், அத்தொடர்பே கதையாகின்றது. கழற்றுதல், காற்றடித்தல், நீரில் அமிழ்த்தல், குமிழி பார்த்தல், ஒட்டுதல் என்னும் வினைகள் வரிசையாய் நிற்க, அவற்றிற்குரிய ஆங்கில வினைகளை மட்டும் அவர் தேடினாற் போதும்.

ஆங்கிலத்தில் ஏ, தி என்னும் இரு சிறு சொற்கள் தமிழர்க்குத் தொல்லை தருவன என்பது ஆசிரியர் யாவரும் அறிந்ததே. விதியை மனனஞ் செய்தவரும் பேச்சில் அவற்றை விட்டுவிடுவர். அன்றி வேண்டாத இடத்திற் புகுத்துவர். கதையில் இவை தாமே இடம்பெறுகின்றன. ஒரு நாள் ஒரு சிறுவன் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான் என்று தொடங்குபவர், அடுத்த வாக்கியத்தில் அந்தச் சைக்கிள் என்றே சொல்வார். முதன்முறை ஏ, மறுமுறை தி. தமிழில் ஒரு, அந்த என்பன இப்பணியை ஓரளவு செய்தலால், கதை சொல்லும்பொழுது இவ்வேறுபாடு செவிக்கு விளங்குகின்றது. தனி வாக்கியங்களைக் கொண்ட பயிற்சியில் இதனை விளக்க முயலும் ஆசிரியர் வீணே வருந்துகிறார்.

இனி, ஒலி. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. வல்லினத்தின் பின் குற்றியலுகரம் வந்து தாங்கும். இவ்வியல்பு காரணமாகவே ரியூப் என்பது ரியூப்பு என்றாகின்றது. ஆசிரியர் இதனைப் பலமுறை சுட்டினும், பேசுபவர் செவிக்குத் தம் பேச்சிற் பிழை தோன்றாது. பேசும்பொழுது கருத்தின்மேற் சென்ற கவனம் ஒலியின்மேற் செல்வதில்லை. ஒலிப்பதிவைத் திருப்பிக் கேட்கும்பொழுதோ அவர் பேசுபவரல்லர், கேட்பவர். தம் பிழையைத் தாமே முதலிற் காண்கிறார். மீண்டும் பதிவு செய்ய விரும்புகிறார். நூறு முறை சொல்லச் சொன்னாலும் சலிப்படையாத மாணாக்கர் இல்லை. ஆனால் தம் கதை தம் குரலில் நன்றாக அமையவேண்டுமென்னும் விருப்பினால் ஒருவர் தாமாகவே பலமுறை வாசிப்பர். வியற்நாமிய மாணாக்கர்க்கு வேறு வகையான இடர். அவர் மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருத்திரிவதில்லை. சொல்லிறுதியில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதுமில்லை. ஆதலின் நடந்தேன் என்னும் பொருள்தரும் வோக்ற் என்பது வோக் எனவே ஒலிக்கும். கேட்பவர்க்கு நேற்றைய செய்தி இன்றையதாகிவிடும். இதனையும் ஒலிப்பதிவே காட்டிக்கொடுக்கின்றது.

பிரெஞ்சு மொழிவாயிலாகக் கல்வி கற்ற கனடிய மாணவரை ஆராய்ந்த மெறில் சுவெயின் என்னும் அறிஞர், பல்லாண்டுகள் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்ட அவர்கள் பேசும்பொழுதும் எழுதும்பொழுதும் பிழை நீங்காதவர்களாய் இருந்தமை கண்டு, கேட்டல் மாத்திரம் போதாது, மொழியை ஆக்கிப் பார்க்கும்பொழுதே தம் குறை ஒருவர்க்குப் புலனாகும் என 1985இல் எடுத்துரைத்தார். வாயாற் கூறி, எழுதி, திருத்தி, வாசித்து, கேட்டு, மீண்டும் வாசிக்கும் இம்முறை அக்கொள்கைக்கு நல்லதோர் இலக்கியமெனலாம்.

திருத்துதல் என்னும் இவ்விடத்திலேதான் ஆசிரியர் வழுக்கி விழுகின்றனர். மேற்கூறிய சைக்கிள் திருத்துநர் தம் தந்தையாரிடம் தொழில் கற்ற நாளை எழுதுகிறார் எனக் கொள்க. காற்றடித்த ரியூப்பை நீர்ப்பாத்திரத்தில் அமிழ்த்தி, எங்கே ஓட்டை என்று தேடாதே, தண்ணீரே சொல்லும் எனத் தந்தையார் கூறியதை அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்: வாற்றர் ரெல் த ஹோல். ஆசிரியர் சிவப்பு மையை எடுக்கிறார். ஓட்டை இருக்குமிடத்தை நீர் காட்டுகின்றது என்னும் பொருளுடைய, குற்றமற்ற, எவரும் எழுதக்கூடிய ஆங்கில வாக்கியமொன்றை மேலே எழுதிக் கொடுக்கிறார். மாணாக்கர் அதனைப் பார்த்து எழுதிக்கொள்கிறார், நன்றியுங் கூறுகிறார்.

அங்கே இழக்கப்பட்டது யாது? ரெல் என்னும் வினை ரெல்ஸ் என வருதல்வேண்டும். வாற்றர் என்பதன் முன் தி வருதல்வேண்டும். இவ்விரண்டும் பிழை. திருத்தப்படாவிடில் அவர் அப்பிழைகளையே வேலைக்கான விண்ணப்பத்திலும் எழுதுவார். ஆதலின் அவற்றை விட்டுவிடுதல் அன்பாகாது. நீர் சொல்லும் என்பதோ பிழையன்று. அது தந்தையாரின் சொல். அவர் மொழியின் சொல். ஆங்கிலத்தில் அஃது அறியாதவொன்றாயினும் விளங்காதவொன்றன்று. சொல்பவரின் ஆங்கிலம் பிறருடைய ஆங்கிலத்தினின்றும் வேறுபட்டு, அவருடையதாய் நிற்குமிடம் அதுவே. இலக்கணப் பிழையையும் ஒருவர் பேச்சின் தனித்தன்மையையும் வேறு பிரித்தறிய மாட்டாத ஆசிரியர், வகுப்பிலுள்ள பதினைந்து பேரையும் ஒரே கதையை எழுதச் செய்துவிடுவார். அத்தகைய படங்களைக் காண்போர், ஊரும் பெயரும் மாறி உரை மாறாதிருத்தலைக் கண்டு வியப்பர். செய்யத்தக்கது, திருத்துமுன் வினவுதல். இவ்வாறு சொன்னதன் கருத்து யாது, இப்படியே இருக்கட்டுமா எனக் கேட்டால், மாணாக்கர் விளக்குவார். விளக்கும்பொழுது அவர் பேசும் ஆங்கிலமே அன்றைய பாடத்தின் பெரும்பயன்.

படங்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பேர்க்கிளியில் இம்முறையை வகுத்தோர் மாணாக்கரைக் குடும்பப் படத்தொகுப்புகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். இடம்பெயர்ந்து வந்தோரிடம் அத்தொகுப்புகள் எங்கே? வீட்டோடு எரிந்தவை சில. பைகளின் சுமை குறைக்க விடப்பட்டவை சில. படமில்லாதார்க்குக் கதையில்லையென்று ஆகிவிடலாகாது. கையால் வரைந்த படம், ஊரின் தேசப்படம், இன்று அவர் வீட்டிலுள்ள ஒரு பொருள் ஆகியன போதியன. சைக்கிள் திருத்துநர் தம் ரொறன்ரோ வீட்டுச் சமையலறையில் ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி, தம் கைகளை மாத்திரம் படமெடுத்தால் அதுவே கடையாகும். இணையத்தில் எவரோ எடுத்த அழகிய படங்களைத் தேடி ஒட்டுவோர், பிறருடைய படத்துக்கேற்பத் தம் கதையை மாற்றத் தொடங்கிவிடுவர்.

இம்முறையைக் கையாளுவோர் மிக்க எச்சரிக்கையுடன் இருக்கவேண்டியது துன்பக்கதைகள் தொடர்பிலாகும். உருக்கமான நிகழ்ச்சியே நல்ல கதை என்னும் எண்ணம் செயலமர்வுகளில் எளிதிற் பரவுகின்றது. லம்பேட் தம் நூலில் வகுத்த ஏழு கூறுகளுள் உணர்ச்சிக்கும் ஓரிடம் உண்டு. ஆயினும் அகதியாய் வந்த ஒருவர்க்குத் தம் துன்பத்தைச் சொல்லுதல் புதிய செயலன்று. புகலிடங் கோரி வந்த நாளில் உத்தியோகத்தர் முன் அதனைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சொன்னார். மீண்டும் விசாரணையிற் சொன்னார். முதலிற் சொன்ன திகதிக்கும் பின்னர்ச் சொன்ன திகதிக்கும் வேறுபாடிருந்தால், பொய்யென ஒதுக்கப்படலாம் என்னும் அச்சத்தோடு சொன்னார். அவர்க்குக் கதை என்பதே ஒரு வழக்கின் ஆவணமாகிவிட்டது. ஆங்கில வகுப்பும் அதே கதையைக் கேட்குமாயின், அது வகுப்பன்று, இன்னொரு விசாரணை. மனநோய் தீர்க்கும் பயிற்சி ஆசிரியர்க்கு இல்லை. பழம் புண்ணைத் திறந்துவிட்டு மணியடித்ததும் வீட்டுக்கு அனுப்புதல் கொடிது. கறி காய்ச்சுதல், தொழில், முதற் பனியைக் கண்ட காலை, பேருந்து தவறிய நாள் ஆகியன பற்றி எழுத விரும்புவோரை அவ்வாறே எழுதவிடுக. துன்பத்தைச் சொல்ல ஒருவர் தாமே துணிந்தால் அவரைத் தடுத்தலும் ஆகாது. தெரிவு அவருடையதாதல் வேண்டும் என்பதே கூறத்தக்கது.

படம் முடிந்தபின் அஃது எங்கே செல்கின்றது என்பதும் அத்தெரிவைச் சார்ந்ததே. கல்வி நிலையத்தின் இணையப் பக்கத்தில் அதனை வெளியிட ஆசிரியர் விரும்புவர். பணந்தரும் நிறுவனத்தாரும் விரும்புவர். ஊரிலே தாயும் தமையனும் இருக்க, இங்கே ஒருவர் குரல் உலகெங்கும் கேட்குமாயின் அங்கே யார்க்கு என்ன நேரும் என்பதை ஆசிரியர் அறியார், சொல்பவரே அறிவார். ஆண்டின் இறுதியில் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் வாங்குதல் இசைவாகாது. தம்மை வகுப்பிற் சேர்த்த நிலையத்தார் கேட்கும்பொழுது மறுத்துரைக்கும் ஆங்கிலம் அவரிடம் இன்னும் இல்லை. இதனையுணர்ந்தே, பேர்க்கிளி நிலையத்தார் கதைகூறுவோரின் உரிமைகள் எனச் சிலவற்றை வகுத்துள்ளனர்; கதையை வெளியிடுவதா, எவ்வாறு வெளியிடுவது என்பதைச் சொல்பவரே முடிவு செய்தல் அவற்றுள் ஒன்று. வகுப்பறைக்கு அப்பாற் செல்லாத படமும் தன் பணியை முற்றச் செய்த படமேயாம்.

கருவிகளைப் பற்றி அதிகங் கூறவேண்டியதில்லை. ஒருகாலத்தில் விண்டோஸ் மூவி மேக்கர் எங்குங் கிடைத்தது. 2017இல் அதற்குரிய நிறுவனமே அதனைக் கைவிட்டது. இன்று வழங்குவனவும் நாளை மாறும். கருவியைக் கற்பிப்பதிற் பாதி நேரத்தைச் செலவிடும் ஆசிரியர், ஆங்கிலம் கற்க வந்தோர்க்கு வேறொன்றைக் கற்பிக்கிறார். எழுத்தறிவு குறைந்த முதியோர் ஒலியையும் படத்தையும் இணைப்பதற்குப் பிறர் உதவியைப் பெறுதலில் இழுக்கில்லை. சொல்லும் குரலும் அவருடையனவாயின் போதும்.

இக்காலத்துப் புதிய இடர் ஒன்றையும் கருதவேண்டும். தமிழில் நான்கு வரி சொன்னால், குற்றமற்ற ஆங்கிலத்தில் ஒரு கதையை எழுதி, அதனை ஆங்கிலேயர் போன்ற குரலில் வாசித்து, படங்களையும் தாமே வரைந்து கொடுக்கும் இயந்திரங்கள் இன்று எவர் கைக்கும் எட்டுவன. சில நிமிடத்திற் படம் ஆயத்தமாகிவிடும். அதிற் பிழையே இராது. செய்தவரும் ஒன்றுங் கற்றிரார். ரியூப்பு என்பதைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திருத்தியவரும் அதில் இல்லை. நீர் சொல்லும் என்பது இருக்கட்டும் என வாதிட்டவரும் இல்லை. ஒரு சொல்லின் பொருளறியவோ, எழுதியதைத் தாமே ஒருமுறை சரிபார்க்கவோ அவ்வியந்திரங்களை நாடுதல் வேறு. அகராதியைப் புரட்டுதல் போன்றது அது. குரலை அவற்றிடம் ஒப்படைத்தல், பேசும் உரிமையைத் தேடி வந்தவர் அதனை வாயிலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புதலாகும். நல்ல படத்துக்குப் பரிசு தரும் நிலையங்கள் இதற்கு வழிவகுக்கின்றன; ஆதலின் புள்ளியிட வேண்டுமாயின், முதல் ஒலிப்பதிவையும் இறுதி ஒலிப்பதிவையும் ஒப்பிட்டு இடுதல் நன்று.

காலச் செலவு இம்முறையின் மெய்யான குறை. பதினைந்து பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவர் எழுத்தையும் தனித்தனியே அமர்ந்து பார்த்தல் வாரக்கணக்கிற் செல்லும். தேர்வுக்குரிய பாடங்கள் பின்தங்கும். குடியுரிமைக்காகவும் வேலைக்காகவும் குறித்த தரத்தை அடையவேண்டியவர்க்கு அதுவும் சிறிய கவலையன்று. ஒரு தவணையில் ஒரு கதை என வரையறுத்துக்கொண்டு, அதனோடு இறந்தகாலம், சுட்டுச்சொல், இறுதிமெய் ஆகிய பாடங்களை இணைத்து நடத்துவோர் இவ்விடரை ஓரளவு தவிர்க்கின்றனர்.

இறுதி நாளில் எல்லோரும் கூடிப் படங்களைப் பார்க்கும் அமர்வை விட்டுவிடலாகாது. அதனைக் கொண்டாட்டமாகவே பலர் கருதி, கைதட்டி, தேநீர் அருந்திக் கலைவர். அதன் பயன் படத்தின் பின் எழும் வினாக்களிலேயே உள்ளது. சைக்கிள் திருத்துநரின் படம் ஓடி முடிந்தபின், எதியோப்பியாவிலிருந்து வந்த ஒருவர், தண்ணீர் இல்லாத இடத்தில் என்ன செய்வீர்கள் என ஆங்கிலத்திற் கேட்கிறார் எனக் கொள்க. எழுதிவைத்த தாளில் அதற்கு விடையில்லை. ரியூப்பைக் கன்னத்தருகே பிடித்து மெல்ல நகர்த்தினால், காற்று வருமிடம் குளிரும் என்று அவர் கையாற் காட்டிச் சொல்கிறார், குளிரும் என்பதற்குரிய வினை தெரியாமையால் வேறு இரண்டு சொற்களாற் சுற்றிச் சொல்கிறார், கேட்டவர்க்கு விளங்கிவிடுகின்றது. அவ்விடையிலுள்ள பிழைகளை ஆசிரியர் அப்பொழுது திருத்தாது குறித்துவைத்தல்வேண்டும். அடுத்த வகுப்பின் பாடத்திற்கு அவை போதும்.